ஆயிரம் மடிக்கணினிகளை எடைக்குப் போடும் முன்

நம் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

சென்ற திங்கட்கிழமை வந்த சுற்றறிக்கையில் மூன்று அறிவிப்புகள் இருந்தன. நான்கு ஆண்டு நிறைந்த மடிக்கணினிகள் அனைத்தையும், மொத்தம் 1,100, இந்த மே மாத இறுதிக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியவை தரப்போகிறீர்கள். அடுத்த மாதத்திலிருந்து வாரத்தின் ஐந்து வேலைநாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும். ஆனால் நிறுவனப் பேருந்துகள் ஓடாது, பதிலாகப் பயணப்படி உண்டு. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று வளாகத்தில் மரக்கன்றுகள் நடப்படும்; எல்லோரும் பச்சைச் சட்டையில் வர வேண்டும்.

மரக்கன்றுகள் குறித்து எனக்கு வழக்கில்லை. முதல் இரண்டு முடிவுகளை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இயந்திரங்களைத் தினமும் திறந்து மூடுகிறவர்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பேருந்துகளில் வருகிறவர்களிடமும் கேட்கவில்லை. நிறுவனத்துக்குள் மூன்று முறை எழுதினேன். மூன்றுக்கும் வந்த பதில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற ஒரே வரி. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகளாகக் கணினிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊதிப்போன பேட்டரி, தேநீர் கொட்டிய கீபோர்டு, கீல் உடைந்த மூடி, ஒன்றரை நிமிடம் யோசித்துவிட்டுத் திறக்கும் கோப்பு என்று ஒவ்வொருவரும் கொண்டுவரும் குறையைப் பார்த்துப் பார்த்து, எந்த இயந்திரம் முடிந்துவிட்டது, எது இன்னும் மூன்று ஆண்டு உழைக்கும் என்று சொல்லும் பழக்கம் கைக்கு வந்துவிட்டது. சுற்றறிக்கை வந்த வாரத்திலேயே திரும்ப வந்து சேர்ந்த 212 இயந்திரங்களை நானும் சகஊழியர்கள் இருவரும் மாலையில் தங்கி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். 131 இயந்திரங்களில் குறை எதுவும் இல்லை. 58 இயந்திரங்களுக்குப் புதிய பேட்டரியோ கூடுதல் ரேமோ போதும். 14 இயந்திரங்களில் கீல் அல்லது கீபோர்டு மாற்ற வேண்டும். மதர்போர்டு போய், செலவழித்தாலும் பயனில்லை என்று சொல்லத்தக்கவை ஒன்பது. ஒன்பது இயந்திரங்களுக்காக 212 இயந்திரங்களைக் கழிக்கிறோம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பழைய இயந்திரங்களில் விண்டோஸ் 11 ஓடாது என்று சுற்றறிக்கை காரணம் சொல்கிறது. பாதி உண்மை. இன்டெல் செயலி (ப்ராசஸர்) கொண்ட இயந்திரமாக இருந்தால் விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். அந்தத் தலைமுறை 2017-இல் சந்தைக்கு வந்துவிட்டது. நாம் கழிக்கப்போகும் 1,100 இயந்திரங்களில் 90 நீங்கலாக மற்ற எல்லாம் 2019-க்கும் 2022-க்கும் இடையே வாங்கியவை. கொள்முதல் பதிவேடு என் பிரிவில்தான் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஏற்றியது நாங்கள்தான். அந்த 90 இயந்திரங்களில்கூட லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிச் சோதனைப் பிரிவுக்குக் கொடுக்கலாம். அங்கே பாதிப் பேர் இப்போதே லினக்ஸில்தான் வேலை செய்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாள் முழுவதிலும் உண்டாக்கும் கார்பன் உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் மேசைக்கு வந்து சேருமுன்பே வெளியேறிவிடுகிறது. செம்பும் தங்கமும் வெள்ளீயமும் தோண்டுவதில், பேட்டரிக்கான கோபால்ட்டைக் காங்கோவின் சுரங்கங்களிலிருந்து எடுப்பதில், சில்லுத் தொழிற்சாலைகள் குடிக்கும் மின்சாரத்திலும் தூய நீரிலும். நாம் வாங்கும் தரத்திலுள்ள பல மாடல்களுக்குத் தயாரிப்பாளர்களே வெளியிடும் கணக்கு, ஒன்றுக்கு 200 கிலோ கார்பன் டை ஆக்சைடைத் தாண்டுகிறது. 200 என்றே வைத்துக்கொண்டால்கூட 1,100 புதிய இயந்திரங்களுக்கு 220 டன். மூன்று ஆண்டில் மாற்ற வேண்டிய இயந்திரத்தை ஆறு ஆண்டு ஓட்டினால் ஆண்டுச் சுமை பாதியாகிறது. நம்மைப் போன்ற மென்பொருள் நிறுவனத்துக்கு இதைவிட எளிதாகக் கைக்கு எட்டும் சேமிப்பு வேறில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரும், பேட்டரிக்கான கொள்முதல் அனுமதியும் இருந்தால் போதும்.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முந்தைய முறை கழித்த இயந்திரங்கள் எங்கே போயின என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். அந்தத் தொகுதியின் வன்தட்டுகள் (ஹார்டு டிஸ்க்) அழிக்கப்பட்டதற்கான சான்றிதழ் வரவில்லை என்று தணிக்கையில் கேள்வி எழுந்தது. வாங்கியவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. மேலாளர் நேரில் போய் வாங்கிவரச் சொன்னார். வடசென்னையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட கிடங்கு. காயலான் கடைதான், வாசலில் எடைத் தராசு. உள்ளே நான்கைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து சுத்தியலாலும் உளியாலும் மடிக்கணினிகளைப் பிளந்துகொண்டிருந்தார்கள். கையுறை இல்லை. முகத்தில் முந்தானையைச் சுற்றியிருந்தார்கள். பின்பக்கத்தில் செம்புக்காக வயர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தான் ஒரு பையன், பதினாறு வயதிருக்கலாம். அந்தப் புகையின் வாடை என் சட்டையில் மறுநாள்வரை இருந்தது. குவியலில் ஒரு மூடியைப் புரட்டினேன். நம் நிறுவனத்தின் சொத்து எண் ஒட்டிய வில்லை அப்படியே இருந்தது. அந்த வில்லையை ஒட்டியவன் நான்.

அந்தப் பெண்களையோ அந்தப் பையனையோ நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் கையில் கிடைத்ததைப் பிரித்து அன்றைய கூலியைத் தேடுகிறார்கள். சர்க்யூட் பலகையில் ஈயம் இருக்கலாம், பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்கள் இருக்கலாம், எரித்தால் அவை மூச்சுக்குள் போகும் என்று அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். சொல்லவில்லை. கிலோவுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டோம். திரும்பி வந்து எழுத்தில் அறிக்கை கொடுத்தேன். அதற்கும் பதில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது'.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு நிதியாண்டில் ஏதேனும் ஒரு நேரத்தில் பட்டியலிட்ட மின்னணுச் சாதனங்கள் குறைந்தது ஆயிரத்தைப் பயன்படுத்தும் எந்த நிறுவனமும் அவ்விதிகளின்படி மொத்த நுகர்வோர். மொத்த நுகர்வோர் தம் மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். மடிக்கணினிகளை மட்டும் எண்ணினாலே நாம் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறோம். இந்த முறை வரப்போகும் லாரி யாருடையது என்று கேட்டேன். 'அதே ஆள்தான், விலை கொஞ்சம் கூட்டித் தருகிறார்' என்றார்கள். 2022-இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான் என்றும் ஐநா அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மிச்சத்தில் கணிசமான பங்கு போகும் இடத்தை நான் ஒரு பிற்பகல் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன்.

நம் தளத்தைத் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர், சேமிப்பறையில் அடுக்கியிருந்த இயந்திரங்களைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இத்தனையையும் எடைக்கா போடப்போகிறீர்கள்? என் பெண் காலேஜில் சேர்ந்திருக்கிறாள்." அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'பழைய இயந்திரங்களை ஊழியர்களுக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது' என்று நம் கொள்கையில் எழுதியிருக்கிறது. தகவல் பாதுகாப்புதான் காரணமாம். வன்தட்டை முறையாக அழித்துத் துப்புரவுப் பணியாளரின் மகளுக்குக் கொடுப்பது ஆபத்து. அழிக்காமல் காயலான் கடைக்குக் கொடுப்பது பாதுகாப்பு. இந்தக் கொள்கைக்குக் கையெழுத்திட்டவர் யாராக இருந்தாலும் அந்தக் கிடங்கை ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். வழி காட்ட நான் வருகிறேன்.

பேருந்துகளைப் பற்றி. தாம்பரத்திலிருந்து வரும் நம் பேருந்தில் 45 பேர் வருகிறோம். ஓட்டுநர் அண்ணனிடம் விசாரித்தேன்: லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் என்றார். சுற்றிக்கொண்டு வரும் 30 கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் டீசல். அந்த 45 பேரில் 30 பேர் பைக்கிலும் 15 பேர் தனித்தனிக் காரிலும் வந்தால்? பைக்குக்கு லிட்டருக்கு 45 கிலோமீட்டர், காருக்கு 15 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துப் போட்ட கணக்கு: பைக்குகளுக்கு 20 லிட்டர், கார்களுக்கு 30 லிட்டர். ஏழரை லிட்டரில் முடிந்த வேலைக்கு ஐம்பது லிட்டர். இது ஒரு பேருந்தின் ஒருவழிப் பயணம். நம்மிடம் பதினான்கு பேருந்துகள் ஓடுகின்றன. 'மெட்ரோ வந்துவிடும்' என்று மனிதவளப் பிரிவில் சொல்கிறார்கள். வரட்டும், நானே முதலில் ஏறுகிறேன். இன்றைக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் இருப்பவை அதன் தூண்களும் தடுப்புத் தகரங்களும்தான். அந்த நெரிசலுக்குள் இன்னும் சில நூறு வண்டிகளை நீங்கள் பணம் கொடுத்து இறக்கிவிடுகிறீர்கள்.

ஐந்து நாள் வருகை குறித்து நான் ஒருதலையாகப் பேச விரும்பவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்தால் எல்லாம் பசுமையாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மே மாதத்தில் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் ஏசி ஓடும். பெரிய கட்டடத்தின் ஒரே குளிரூட்டி அதைவிடச் சிக்கனமாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது நடப்பது இரண்டுங்கெட்டான் நிலை. வாரத்தில் மூன்று நாள் பாதிப் பேர்தான் வருகிறார்கள், ஆனாலும் ஆறு தளங்களிலும் விளக்கும் ஏசியும் முழுதாக ஓடுகின்றன. வருகிறவர்களை மூன்று தளங்களில் உட்காரவைத்து மற்ற மூன்றை அணைத்துவிடலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்கு மாற்றாக, எல்லோரையும் எல்லா நாளும் வரவழைத்து ஆறு தளங்களையும் நியாயப்படுத்தப் பார்க்கிறோம்.

இரவுப் பணியில் நான் இருந்த மாதம் நான்காம் தளத்தில் ஒன்பது பேர் இருந்தோம். 140 இருக்கைகள் கொண்ட தளம் முழுவதும் 21 டிகிரியில் குளிர்ந்துகொண்டிருந்தது. வெளியே அக்னி நட்சத்திரம். உள்ளே என் சக ஊழியர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிரல் எழுதினார்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் குளிரூட்டும் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது. 2020 முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கட்டடப் பராமரிப்பாளரிடம் 24-க்கு ஏற்றச் சொன்னேன். 'வாடிக்கையாளர் வரும் தளம், கை வைக்க மாட்டேன்' என்றார். இரவு இரண்டு மணிக்கு எந்த வாடிக்கையாளர் வருகிறார்?

ஏசியாவது கண்ணுக்கும் உடம்புக்கும் தெரிகிறது. சர்வர் அறையில் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. சோதனைக்காக மட்டும் வைத்திருக்கும் 40 சர்வர்கள் அங்கே இருக்கின்றன. யுபிஎஸ் மீட்டரில் அவை சராசரியாக 10 கிலோவாட் இழுக்கின்றன. வாரத்துக்கு 168 மணி நேரம்; நம் குழுக்கள் அவற்றைத் தொடுவது தாராளமாகக் கணக்கிட்டால் 50 மணி நேரம். மிச்சம் 118 மணி நேரம் யாருக்காகவும் இல்லாமல் ஓடுகின்றன. அதாவது வாரத்துக்கு 1,180 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், வாராவாரம் 800 கிலோவுக்கு மேல். அந்த அறையைக் குளிர்விக்கும் மின்சாரம் இதில் சேரவில்லை. அந்த மின்சாரத்தின் ஒரு பங்கு வடசென்னையில் நிலக்கரி எரிந்து வருவது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்திருப்பதை ஆண்டுக்கணக்காகச் செய்தியில் படிக்கிறோம். படித்துவிட்டுச் சர்வரை ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

இதற்கு மாற்று உண்டு என்பதை நாங்கள் செய்தே பார்த்தோம். சென்ற ஆண்டு மூன்று குழுக்களின் சம்மதத்துடன், அவர்களுடைய சோதனைச் சர்வர்களை இரவு 9 மணிக்கு அணைத்துக் காலை 7 மணிக்கு எழுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். இரவில் வேலை செய்ய வேண்டியவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அன்று அணையாது. ஆறு வாரம் ஓடியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. ஏழாம் வாரம் 'எழுத்துப்பூர்வ அனுமதி இல்லை' என்று நிறுத்தச் சொன்னார்கள். அனுமதிக்கு எழுதினேன். இன்றுவரை வரவில்லை.

வெளியே வாடகைக்கு எடுத்திருக்கும் கிளவுட் சர்வர்களின் கதை இன்னும் மோசம். 2021-இல் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுவதற்காக உருவாக்கிய முழு அமைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வாடிக்கையாளர் அந்த ஆண்டே வேறு நிறுவனத்திடம் போய்விட்டார். கிளவுட் என்ற பெயரைச் சூட்டியவர்கள் நமக்கு நல்லது செய்யவில்லை. மேகம் என்றதும் எடையில்லாத ஒன்று என்று மனம் நம்பிவிடுகிறது. அது அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் மும்பையிலும் ஜன்னல் இல்லாத கட்டடங்களாக நின்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. உலகின் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட், மின்சாரத்தை எடுத்தன, 2030-க்குள் அது இரு மடங்குக்கு மேல் ஆகும் என்பது பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணிப்பு. அதில் நம் பங்கு ஒரு துளி. அந்தத் துளியை அடைக்கும் குழாய் என் மேசையில் இருக்கிறது, திருக எனக்கு அனுமதி இல்லை.

என் வீடு ஜல்லடியன்பேட்டையில். என் ஆயா பள்ளிக்கரணைக் கழிவெளியில் கோரை அறுத்துப் பிழைத்தவர். எங்கள் அலுவலகத் தளத்திலிருந்து பார்த்தால் அவர் இறங்கி நின்ற நீர்ப்பரப்பின் மிச்சம் தெரிகிறது. அதன் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடும் தெரிகிறது. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மெல்ல விடும். அதைக் கட்டடங்களும் சாலைகளும் குப்பையும் தின்றுவிட்டன. 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்ததைத்தான் அறிவிக்க முடிந்தது. நாம் தனியாக அதை அழிக்கவில்லை. ஆனால் அழிந்ததன் மேல் எழுந்த ஐடி வழித்தடத்தில்தான் நம் வாசல் இருக்கிறது.

அதன் விலையை நாமும் கட்டியிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர் மூழ்கியது. பெரும்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் குடியிருந்த நம் ஊழியர்களில் சிலரைப் படகில் ஏற்றினார்கள். 2019 ஜூனில் இதற்கு நேர்மாறு. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று அப்போது எங்களை அனுப்பியதும் நீங்கள்தான். வேலை நிற்கவில்லை. அந்த ஆண்டுக்குப் பிறகாவது மாறியிருக்க வேண்டும். இன்றும் முகப்புப் புல்வெளிக்கு லாரித் தண்ணீர்தான் பாய்கிறது. கிராமத்துக் கிணறுகளிலிருந்து உறிஞ்சிவரும் தண்ணீர் அது. நம் வளாகத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீரோ சாக்கடைக்குப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் ஆண்டுதோறும் நமக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறார். கணினிகளை எத்தனை ஆண்டு பயன்படுத்துகிறீர்கள், கழித்தவற்றை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், ஊழியர் பயணத்தால் வரும் உமிழ்வு எவ்வளவு என்ற கேள்விகள் அதில் உண்டு. சென்ற ஆண்டு கணினி குறித்த பகுதியை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. உண்மையை எழுதினேன். 'கொள்கை நடைமுறையில் உள்ளது என்று மட்டும் போடு' என்று திருப்பி அனுப்பினார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் சுற்றுச்சூழல் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. நாம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். அதற்காகப் பொய் எழுத உரிமை வந்துவிடாது. இந்த ஆண்டுத் தாள் வந்தால் நான் அப்படி நிரப்ப மாட்டேன்.

நான் கேட்பவை இவை.

மடிக்கணினிகளைக் கழிக்கும் உத்தரவை உடனே நிறுத்திவையுங்கள். 1,100 இயந்திரங்களையும் சோதிக்க எங்கள் மூவருக்கு மூன்று வாரம் கொடுங்கள். உழைக்கக்கூடியவற்றுக்குப் பேட்டரியும் ரேமும் வாங்க அனுமதி தாருங்கள். குறைந்தது ஆறு ஆண்டு பயன்பாடு என்பதை நிறுவன விதியாக எழுதுங்கள். தேவைக்கு மிஞ்சிய நல்ல இயந்திரங்களை, வன்தட்டை முறையாக அழித்த பின், குறைந்த விலையில் விற்கும் வழியைத் திறந்துவிடுங்கள். அதில் முதல் வாய்ப்பு நம் துப்புரவு, காவல், உணவகப் பணியாளர்களுக்கு வேண்டும். உண்மையிலேயே முடிந்துபோனவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் போகட்டும். அவருடைய பதிவு எண்ணும், பெற்றுக்கொண்ட எடையும், தகவல் அழிப்புச் சான்றும் ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

பேருந்துகளை நிறுத்தாதீர்கள். மெட்ரோ ஓடத் தொடங்கும் நாளில் வழித்தடங்களை மாற்றுவது பற்றிப் பேசலாம். பயணப்படியைப் பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

வருகை நாட்களை அந்தந்தக் குழு முடிவு செய்யட்டும்; ஆள் குறைந்த நாளில் மூன்று தளங்களை முழுதாக அணைத்துவிடுங்கள். ஏசி 24 டிகிரி. சோதனைச் சர்வர்களை இரவிலும் வார இறுதியிலும் அணைக்கும் நிரலுக்கு அனுமதிக் கடிதம். கிளவுட்டில் ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர். பெயர் இல்லாதது முப்பது நாளில் நிறுத்தப்படும் என்ற விதி. இவற்றில் எதற்கும் முதலீடு தேவையில்லை.

கட்டட உரிமையாளருடன் மின்சாரம் குறித்துப் பேசுங்கள். மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்த விதிகள், காற்றாலை, சூரிய மின்சாரத்தை நேரடியாக வாங்குவதற்கான வரம்பை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டுக்குக் குறைத்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கமுதியிலும் காற்றும் வெயிலும் மின்சாரமாகும் மாநிலத்தில் இருந்துகொண்டு, இதை விசாரிக்கக்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம். புல்வெளிக்குச் சுத்திகரித்த நீரைத் திருப்புவதற்கு ஒரு குழாயும் ஒரு நாள் வேலையும் போதும் என்று பிளம்பர் சொல்கிறார்.

அந்த ஐரோப்பியக் கேள்வித்தாளின் பதில்களை, இந்த ஆண்டு முதல், அனுப்பும் முன் ஊழியர்களுக்கும் காட்டுங்கள்.

லாரி 28-ஆம் தேதி காலை வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். 212 இயந்திரங்களின் சோதனைப் பட்டியலை, வரிசை எண்ணும் குறையும் செலவு மதிப்பீடும் சேர்த்து, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியே அனுப்பியிருக்கிறேன். சேமிப்பறையின் சாவி என் பிரிவில் இருக்கிறது. 26-ஆம் தேதிக்குள் உங்கள் கையெழுத்திட்ட பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர்
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை